ஷட் டவுன் கொடுத்தால் ஆன்டிவைரஸில் சிக்கி நிற்கும் கம்ப்யூட்டர்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

ஷட் டவுன் கொடுத்த பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கம்ப்யூட்டர் அணையவில்லை, திரையில் ஆன்டிவைரஸ் பெயர் தெரிகிறது. இந்தப் புகாரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, அந்த ஆன்டிவைரஸைத் தூக்கிட்டா சரியாயிடுமா?" சில நேரம் சரியாகும். பல நேரம் ஆகாது. ஆடிட்டர் அலுவலகம், ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், வீடு என்று எல்லா இடத்திலும் இதே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர் தெரிகிறது என்பதற்காக அதை நீக்கிவிடாதீர்கள். ஆன்டிவைரஸ் எல்லாக் கோப்பையும் தொட்டுப் பார்க்கிற மென்பொருள். டிஸ்க் மெதுவானாலும், பென் டிரைவ் பழுதானாலும், நெட்வொர்க் அறுந்தாலும் முதலில் மாட்டிக்கொள்வது அதுதான். எது தாமதம் செய்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வைத்தால் வேலை பாதியாகக் குறையும்.

இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும்.

## எதையும் தொடும் முன்

திரை நின்றுபோனதும் யூபிஎஸ் பட்டனையோ சுவர் சுவிட்சையோ அணைத்துவிட்டுக் கிளம்புகிற பழக்கம் நம் ஊர்க் கடைகளில் அதிகம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வைரஸ் பட்டியல் புதுப்பிக்கப்படும் நேரத்தில் கரண்ட் போனால் அந்தக் கோப்புகள் கெட்டுப்போகலாம். கெட்டுப்போனால் மறுநாள் ஷட் டவுன் இன்னும் மோசமாக நிற்கும்.

திரையில் அப்டேட் என்ற சொல்லோ சதவீத எண்ணோ இருந்தால் எவ்வளவு நேரமானாலும் தொடாதீர்கள். வெறும் வட்டம் மட்டும் சுற்றினால் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஒரு 15 நிமிடம் கொடுங்கள். விளக்கும் அசையவில்லை, வட்டமும் உறைந்துவிட்டது என்றால் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம்.

மறுபடி ஆன் செய்ததும் முதல் வேலை, டேலி டேட்டா, போட்டோ, முக்கியமான ஃபைல்கள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுப்பது. அப்புறம் இரண்டு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள். இது எப்போது ஆரம்பித்தது, அதற்குச் சற்று முன் புதிதாக என்ன போட்டீர்கள்? ரீஸ்டார்ட் கொடுத்தாலும் நிற்கிறதா, ஷட் டவுனில் மட்டுமா? இந்த இரண்டும் தெரிந்தால் கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

## அறிகுறி 1: "திஸ் ஆப் இஸ் பிரிவென்டிங் ஷட் டவுன்" என்ற திரை வருகிறது

இது எளிய வகை. விண்டோஸ் இன்னும் உங்கள் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறது.

பட்டியலில் ஆன்டிவைரஸ் மட்டும்தானா? நன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் சேமிக்காத எக்செல் ஃபைலோ, மூடாத டேலியோ, பாதியில் நிற்கும் பிரின்டர் மென்பொருளோ கூடவே இருக்கும். கேன்சல் கொடுத்து உள்ளே போய் அவற்றைச் சேமித்து மூடிவிட்டு மறுபடி ஷட் டவுன் கொடுங்கள். பல இடங்களில் கதை இதோடு முடிந்துவிடும்.

ஆன்டிவைரஸ் மட்டும்தான் என்றால், கேன்சல் கொடுத்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அதன் ஐகானைத் திறந்து பாருங்கள்.

ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தால் அதன் நேர அட்டவணையில்தான் கோளாறு. முழு ஸ்கேனை மாலை ஏழு மணிக்கு வைத்துவிட்டு, ஏழரைக்குக் கடையை மூடினால் தினமும் இப்படித்தான் ஆகும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்றால் இந்த அட்டவணை டாஸ்க் ஷெட்யூலரில் இருக்கிறது: மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ், அதற்குள் விண்டோஸ் டிஃபெண்டர் என்று போனால் 'ஷெட்யூல்ட் ஸ்கேன்' என்ற வரி வரும்.

சந்தா முடிந்துபோன ஆன்டிவைரஸ் என்றால் 'புதுப்பியுங்கள்' என்ற பெட்டி ஏதாவது ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பதிலுக்காக நிற்கலாம். சந்தா முடிந்ததை வைத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை. புதுப்பியுங்கள், அல்லது நீக்கிவிட்டு டிஃபெண்டருக்கு மாறுங்கள். அது விண்டோஸோடு இலவசமாகவே வருகிறது. கிராக் செய்த ஆன்டிவைரஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்றே எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு மென்பொருளையே உடைத்துக் கொடுத்தவர் உள்ளே வேறு என்ன வைத்தார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஸ்கேனும் இல்லை, பெட்டியும் இல்லை, ஐகானைத் தொட்டால் திறக்கவே மாட்டேன் என்கிறது என்றால் மென்பொருள் கெட்டிருக்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அதற்கு 'மாடிஃபை' அல்லது 'ரிப்பேர்' இருந்தால் ஓட்டுங்கள். இல்லையென்றால் நீக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். முறை அறிகுறி 4-இல் இருக்கிறது.

'ஷட் டவுன் எனிவே' பட்டனை அழுத்தலாமா என்று கேட்பார்கள். ஃபைல் எல்லாம் சேமித்திருந்தால் ஒருநாள் அழுத்தலாம். தினமும் அதை அழுத்தித்தான் வீட்டுக்குப் போக முடிகிறது என்றால் காரணத்தைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

## அறிகுறி 2: சில நிமிடம் சுற்றிவிட்டுத் தானாகவே அணைகிறது

அதிகமாக வருவது இதுதான். பெயர் சொல்லாமல் தாமதப்படுத்துகிற ஒன்று உள்ளே இருக்கிறது. ஊகிக்க வேண்டாம், விண்டோஸ் அதை எழுதி வைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஸ்டார்ட் மெனுவில் தேடி ஈவென்ட் வியூவரைத் திறங்கள். இடதுபக்கம் 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்', மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், 'டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்', 'ஆபரேஷனல்' என்று வரிசையாகப் போங்கள். வலதுபக்கப் பட்டியலில் 200, 201, 202, 203 என்ற எண்கள் உள்ள வரிகளைத் தேடுங்கள்.

200 என்பது மொத்த ஷட் டவுன் எவ்வளவு நேரம் எடுத்தது என்ற பதிவு. மில்லி விநாடியில் இருக்கும், ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 201 இருந்தால் ஒரு மென்பொருள் தாமதம் செய்தது. 202 இருந்தால் ஒரு சாதனம். 203 இருந்தால் ஒரு சர்வீஸ், அதாவது ஜன்னல் எதுவும் காட்டாமல் பின்னணியில் ஓடும் நிரல். வரியைத் திறந்தால் உள்ளே கோப்பின் பெயரே இருக்கும். ஒரே ஒருமுறை வந்த பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். திரும்பத் திரும்ப வருகிற பெயர்தான் நாம் தேடுவது.

அங்கே எதுவும் இல்லையென்றால் 'விண்டோஸ் லாக்ஸ்' கீழே 'சிஸ்டம்' பகுதியில் 7043 என்ற எண்ணைத் தேடுங்கள். அணையும் முன் தகவல் கொடுத்தும் ஒரு சர்வீஸ் ஒழுங்காக நிற்கவில்லை என்பது அதன் பொருள். எந்த சர்வீஸ் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். 7011 என்றால் ஒரு சர்வீஸ் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. வெறும் வட்டத்துக்குப் பதிலாக, எந்த வேலை நடக்கிறது என்று திரையிலேயே எழுதிக் காட்டும்படி விண்டோஸிடம் சொல்லிவிடலாம். புரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம் என்று போய், 'டிஸ்ப்ளே ஹைலி டீடெய்ல்ட் ஸ்டேட்டஸ் மெசேஜஸ்' என்பதை எனேபிள் செய்யுங்கள். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் இல்லை. ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புகள் எழுதியிருக்கும் இடம்) தெரிந்த ஒருவரிடம் 'வெர்போஸ் ஸ்டேட்டஸ்' போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள், அவருக்குப் புரியும். அடுத்த ஷட் டவுனில் எந்த வரியில் திரை நின்றுபோகிறதோ அதை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரமும் உதவும். விண்டோஸ் ஒரு சாதாரண சர்வீஸுக்குக் கொடுக்கும் நேரம் 5 விநாடிதான். 'முன்கூட்டியே சொல்' என்று கேட்டு வைத்திருக்கும் சர்வீஸ்களுக்குத் தனி நேரம் உண்டு. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு வரை அது 3 நிமிடமாக இருந்தது. அதிலிருந்து 10 விநாடி ஆக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு மென்பொருள் இதைவிட அதிகமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் முடியும். தினமும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம் நின்று அணைகிறது என்றால் இப்படிப்பட்ட சர்வீஸ் ஒன்றின் மீது சந்தேகம் வைக்கலாம். ஒருநாள் 2 நிமிடம், ஒருநாள் 10 நிமிடம் என்று மாறினால் டிஸ்க், நெட்வொர்க், வெளிச் சாதனம் பக்கம் பாருங்கள்.

காரணங்களை இந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கழித்து வாருங்கள்.

பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், கார்டு ரீடர், யூஎஸ்பி பிரின்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஷட் டவுன் செய்யுங்கள். உடனே அணைந்தால் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடியுங்கள். ஃபிளாப்பி காலத்திலிருந்தே ஷட் டவுன் நேரத்தில் வெளி டிஸ்க்கைச் சோதிக்கும் வசதி சில ஆன்டிவைரஸ்களில் இருந்தது. இப்போதும் உங்களுடையதில் அப்படி ஒரு டிக் பெட்டி இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள்.

பாதியில் நிற்கும் அப்டேட். ஆன்டிவைரஸைத் திறந்து அப்டேட் கொடுத்து முடியும்வரை காத்திருங்கள். விண்டோஸ் அப்டேட்டும் முடியட்டும். அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி வரும். நெட்டை முதலில் துண்டித்துவிட்டு ஷட் டவுன் கொடுப்பதால் அப்டேட் பாதியில் தொங்கிவிடுகிறது.

நெட்வொர்க் டிரைவ். சின்ன அலுவலகங்களில் கட்டாயம் பாருங்கள். டேலி டேட்டா ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும், மற்றவர்கள் அதை நெட்வொர்க் டிரைவாகப் போட்டிருப்பார்கள். மாலையில் அந்த முதல் கம்ப்யூட்டரை யாராவது அணைத்துவிட்டால் மற்றவை அந்த டிரைவைத் தேடிக்கொண்டு நிற்கும். கூடவே ஆன்டிவைரஸும் நிற்கும். மற்ற கம்ப்யூட்டர்களை முதலில் அணையுங்கள், டேட்டா உள்ளதைக் கடைசியாக. காசு செலவில்லாத வைத்தியம்.

பேஜ் ஃபைல் அழிப்பு. பேஜ் ஃபைல் என்பது மெமரி போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்திக்கொள்ளும் கோப்பு. ஷட் டவுன் நேரத்தில் அதை முழுக்க அழிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. 'கூடுதல் பாதுகாப்பு' என்ற பெயரில் யாராவது இதை ஆன் செய்திருந்தால், பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு ஷட் டவுனும் நிமிடக்கணக்கில் இழுக்கும். லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் 'கிளியர் விர்ச்சுவல் மெமரி பேஜ்ஃபைல்' டிசேபிள் என்று இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஆன்டிவைரஸ் சர்வீஸின் பெயரே பதிவில் திரும்பத் திரும்ப வந்தால், சரி, இப்போது அதை நீக்கிப் போடலாம்.

## அறிகுறி 3: ரீஸ்டார்ட் ஒழுங்காக ஆகிறது, ஷட் டவுன் மட்டும் நிற்கிறது

இங்கே ஆன்டிவைரஸை விட்டுவிடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் சாதாரண ஷட் டவுன் முழு ஷட் டவுன் அல்ல; விண்டோஸின் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்துவிட்டு அணைகிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முழுசாக மூடித் திறக்கிறது.

சோதிப்பது சுலபம். ஷிஃப்ட் சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். அன்றைக்கு மட்டும் முழுமையாக அணையும். இப்படிச் செய்தால் ஒழுங்காக அணைகிறது என்றால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்று போய், 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் மங்கலாக இருந்தால் மேலே 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்ற வரியை முதலில் தொட வேண்டும். எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) உள்ள கம்ப்யூட்டரில் இதை அணைத்து வைப்பதால் பெரிய நஷ்டம் இல்லை.

திரை கருப்பாகிவிட்டது, ஆனால் ஃபேனும் விளக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் டிரைவர்களை, அதாவது சாதனங்களை இயக்கும் மென்பொருள்களை, புதுப்பிக்க வேண்டும்: முதலில் சிப்செட் டிரைவர், இன்டெல் கம்ப்யூட்டர் என்றால் மேனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவர், கடைசியாக பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்). இவற்றை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, உங்கள் மாடல் எண்ணைப் போட்டு மட்டும் எடுங்கள். பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் மதர்போர்டே போகலாம். பழக்கம் இல்லாதவர்கள் அதைச் சர்வீஸ் ஆளிடம் விடுங்கள்.

## அறிகுறி 4: புது ஆன்டிவைரஸ் போட்டதிலிருந்துதான்

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' பாருங்கள். வெளி ஆன்டிவைரஸ் ஒன்று போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதனால் அந்த இரண்டும் பெயரளவில் இருப்பதில் பிரச்சினை இல்லை. டிஃபெண்டரைத் தவிர இரண்டு பெயர் இருந்தால் அங்கேதான் சண்டை. புது லேப்டாப்போடு சோதனைப் பதிப்பாக வந்தது ஒன்று, நீங்கள் காசு கொடுத்து வாங்கியது ஒன்று: இதுதான் வழக்கமான ஜோடி.

பட்டியலில் ஒன்றே இருந்தாலும், முன்பு நீக்கியதன் டிரைவர் மிச்சம் இருக்கலாம். சாதாரண அன்இன்ஸ்டால் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. அதனால்தான் ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்கள் நீக்குவதற்கென்றே தனிக் கருவி கொடுக்கிறார்கள். நார்ட்டன், மெக்காஃபி, அவாஸ்ட், ஈசெட் எல்லோரிடமும் உண்டு. அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடினால் முதலில் வரும் விளம்பர இணைப்புகளைத் தொடவே தொடாதீர்கள்.

வரிசை முக்கியம். சந்தா சாவியை எழுதி வையுங்கள். நீக்கும் கருவியையும் புது இன்ஸ்டாலரையும் முன்பே இறக்கி வையுங்கள். நெட்டைத் துண்டியுங்கள். சாதாரணமாக அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், நீக்கும் கருவி, மறுபடி ரீஸ்டார்ட். இப்போது எதையும் போடாமல் நாலைந்து தடவை ஷட் டவுன் செய்து பாருங்கள். இந்த இடைவெளியில் டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒழுங்காக அணைகிறது என்றால் ஒன்றை மட்டும் திரும்பப் போடுங்கள். போட்டதும் பிரச்சினை திரும்ப வந்தால் அந்தப் பதிப்பு உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒத்துவரவில்லை. 203 பதிவின் படத்தோடு அந்த நிறுவனத்தின் உதவி மையத்தைக் கேளுங்கள். ஆதாரம் இருந்தால் 'ரீஇன்ஸ்டால் பண்ணுங்க' என்ற பதிலைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போக முடியும்.

சில நீக்கும் கருவிகளை சேஃப் மோடில், அதாவது விண்டோஸ் மிக அவசியமானவற்றோடு மட்டும் ஓடும் நிலையில், ஓட்டச் சொல்வார்கள். ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், அதன்பின் எண் 4. அதற்கு முன் ஒன்று: டிஸ்க் பிட்லாக்கர் என்கிரிப்ஷனில் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் 48 இலக்க ரெக்கவரி சாவி கேட்கலாம். விண்டோஸ் 11 லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே இது ஆன் ஆகியிருப்பது உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் போங்கள்.

## அறிகுறி 5: அணையும் நேரத்தில் நீலத் திரை

'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்று வந்தால் ஏதோ ஒரு டிரைவர் அணையச் சொன்னதைக் கேட்கவில்லை. ஆன்டிவைரஸின் டிரைவராக இருக்கலாம். வைஃபை, லேன், கிராபிக்ஸ் டிரைவராகவும் இருக்கலாம். ஆன்டிவைரஸையும் இந்த மூன்றையும் புதுப்பியுங்கள். சேஃப் மோடில் போய் அங்கிருந்து ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காக அணைந்தால் பின்னால் சேர்த்த டிரைவரோ சர்வீஸோ ஒன்றுதான் காரணம். அதற்குமேல் விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள மினிடம்ப் கோப்பை (நீலத் திரை வந்தபோது விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவு) படிக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

## அறிகுறி 6: ஆன்டிவைரஸை நீக்கியும் நிற்கிறது

டிஸ்க்கைப் பாருங்கள். ஈவென்ட் வியூவர் சிஸ்டம் பகுதியில் 'டிஸ்க்' என்ற பெயரோடு 7, 51, 153 எண்களோ, ஸ்டோரேஜ் டிரைவரின் பெயரில் 129-ஓ திரும்பத் திரும்ப வந்தால் பேக்கப் எடுக்காத ஒவ்வொரு நாளும் ஆபத்து. 7 என்பது டிஸ்க்கில் கெட்டுப்போன இடம் இருக்கிறது என்ற அறிவிப்பு. கேபிள் தளர்ந்திருந்தாலும் 129, 153 வரும். டெஸ்க்டாப் என்றால் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். 7 தினமும் வராவிட்டால், பேக்கப் முடிந்த பிறகு மட்டும், சி டிரைவின் புராபர்ட்டீஸ், டூல்ஸ், 'செக்' ஓட்டுங்கள். பழைய சுழலும் டிஸ்க்கில்தான் விண்டோஸ் ஓடுகிறது என்றால் எஸ்எஸ்டி போடுவது செலவுதான், ஆனால் இந்தப் பட்டியலில் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் செலவு அது ஒன்றுதான்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, ஆன்டிவைரஸ் அடிக்கடி தானாக ஆஃப் ஆகிறது, அதன் தளத்தைத் திறக்கவே முடியவில்லை என்றால் வைரஸே உள்ளே இருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசாக எழும் முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

## வீடியோக்களில் வரும் ரெஜிஸ்ட்ரி வைத்தியம்

'வெயிட் டு கில் சர்வீஸ் டைம்அவுட்' எண்ணை, அதாவது சர்வீஸ் நிற்பதற்காக விண்டோஸ் காத்திருக்கும் நேரத்தை, குறைத்தால் சட்டென்று அணையும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். இப்போதைய விண்டோஸில் அது ஏற்கெனவே 5000 மில்லி விநாடிதான். அதையும் குறைத்தால் ஆன்டிவைரஸ் மட்டுமல்ல, டேட்டாபேஸ் சர்வீஸ்களும் எழுதி முடிக்கும் முன் வெட்டப்படும். ஒரே ஒரு சூழலில் அங்கே கை வைக்கலாம்: எண் 5000-ஐவிட மிகப் பெரிதாக இருந்தால், ஏதோ மென்பொருள் ஏற்றி வைத்திருக்கிறது. அதற்கு உரிய மென்பொருள் இப்போது இல்லையென்றால் 5000-க்குத் திருப்பிவிடுங்கள். தானாக எல்லாவற்றையும் மூடும் 'ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸ்' வேண்டவே வேண்டாம்; சேமிக்காத வவுச்சர் போனால் திரும்ப வராது.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தாலோ, 7 என்ற பதிவு தினமும் வந்தாலோ அந்த நிமிடமே நிறுத்துங்கள். எந்தச் சோதனையும் ஓட்டாமல் டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் போங்கள். பிட்லாக்கர் சாவி கேட்டு, கையில் சாவி இல்லை என்றாலும் நிறுத்துங்கள். தெரியாத ஒருவர் அந்த இடத்தில் ஃபார்மட் செய்துவிட்டால் டேட்டா போனதுதான். ஃபைல் பெயர்கள் மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு வந்தால் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து பிரித்து வையுங்கள். அலுவலகத்தில் ஐடி பிரிவு போட்ட ஆன்டிவைரஸ் என்றால் நீங்களாக எதையும் நீக்க வேண்டாம், அவர்களிடம் சொல்லுங்கள்.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகும்போது 203, 7043 பதிவுகளின் படம், ஆன்டிவைரஸ் சந்தா சாவி, நின்றுபோன திரையின் மொபைல் படம் மூன்றையும் எடுத்துப் போங்கள். கேட்பதற்கு முன்பே "ஃபார்மட் பண்ணிடலாம்" என்று சொல்பவரிடம் இந்தப் படங்களைக் காட்டி, முதலில் இதைப் பாருங்கள் என்று சொல்லுங்கள்.